தாடை எலும்பில் நீர்க்கட்டி: வடியவிடுவதா, பையோடு எடுப்பதா, எலும்பையே வெட்டுவதா?

ஞானப்பல்லைப் பார்க்க எடுத்த எக்ஸ்ரேயில் கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு கறுப்பு நிழல் தெரிகிறது. வலி இல்லை, வீக்கமும் இல்லை. ஒரு மருத்துவர் குழாய் வைத்து வடியவிட்டால் சுருங்கிவிடும் என்கிறார். இன்னொருவர் பையோடு எடுத்துவிட்டு உள்ளே மருந்து தடவ வேண்டும் என்கிறார். மூன்றாவது கருத்து கேட்கப் போனால், திரும்பத் திரும்ப வரும் கட்டி இது, தாடையின் அந்தப் பகுதியையே எடுத்துவிடுவது நல்லது என்று பதில் வருகிறது. மூவருமே படித்தவர்கள், மூவர் சொல்வதற்கும் மருத்துவ இலக்கியத்தில் ஆதாரம் உண்டு. நோயாளிதான் நடுவில் மாட்டிக்கொண்டு விழிக்கிறார்.

எந்த முறை யாருக்குப் பொருந்தும், ஒவ்வொன்றிலும் முன்கூட்டியே சொல்லப்படாத சுமை என்ன என்பதை இங்கே பார்க்கலாம். ஒரு நிபந்தனை: திசுப் பரிசோதனை அறிக்கை கைக்கு வரும் முன் இந்த ஒப்பீட்டால் பெரிய பயன் இல்லை. அதனால் முதலில் அந்த விஷயம்.

## முதலில் கட்டிக்கு ஒரு பெயர் வேண்டும்

தாடையில் வரும் நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை அரிதானவை அல்ல. செத்துப்போன பல்லின் வேர்நுனியில் உருவாவது ஒன்று, முளைக்காத பல்லின் தலையைச் சுற்றி வருவது இன்னொன்று. இவற்றுக்கான சிகிச்சையில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. சிக்கல் குறைவாகவே வரும் மற்ற வகைகளில்தான். படத்தில் அவையும் இதே கறுப்பு நிழலாகத்தான் தெரியும்.

எக்ஸ்ரேயும் ஸ்கேனும். முழுத் தாடை எக்ஸ்ரே மலிவானது, ஆனால் தட்டையானது. தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் கோன் பீம் சி.டி. ஸ்கேன் எடுத்தால், கீழுதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு ஓடும் குழாயைக் கட்டி எவ்வளவு நெருங்கியிருக்கிறது, எலும்பின் உள்சுவரோ வெளிச்சுவரோ ஓட்டையாகிவிட்டதா என்பது தெரியும். கட்டிக்குள் இருப்பது என்ன என்பதை அது சொல்லாது. கெட்டியான பொருளா, இரத்தமா, உள்ளே சதை வளர்ந்திருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் எம்.ஆர்.ஐ. உதவும்.

பல் உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை. குளிர்ச்சியாலோ மெல்லிய மின்தூண்டலாலோ சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனாலும் பல இடங்களில் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நிழலைப் பார்த்தவுடன், நல்ல உணர்வோடு இருக்கும் மூன்று, நான்கு பற்களுக்கு வேர்சிகிச்சை செய்துவிட்டு, பிறகு கட்டிக்கும் பற்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரியவரும் கதைகள் மருத்துவ இதழ்களில் நிறைய உண்டு. பல் உயிரோடு இருந்தால் வேர்நுனிக் கட்டி என்ற ஊகத்தை உடனே தள்ளிவைக்க வேண்டும்.

ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது. வெளிர் மஞ்சள் நீர், கெட்டியான வெளிறிய பசை, அடர்ந்த இரத்தம், வெறும் காற்று என்று நான்கில் எது வந்தாலும் அது ஒரு தடயம். எலும்புக்குள் கத்தி வைக்கும் முன் இதைச் செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிழல் கட்டியாக இல்லாமல் இரத்தக்குழாய்க் கோளாறாக இருந்தால், ஊசியில் பீறிடும் இரத்தமே எச்சரித்துவிடும்.

பயாப்ஸி, அதாவது திசுத் துண்டை எடுத்துப் பரிசோதிப்பது. இறுதித் தீர்ப்பு இதனுடையது, ஆனாலும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. பெரிய கட்டியின் ஒரு மூலையிலிருந்து எடுத்த சிறு துண்டு முழுக் கட்டிக்கும் சாட்சி சொல்லாது. அமெலோபிளாஸ்டோமா என்ற, புற்றல்லாவிட்டாலும் தாடையை அரித்துப் பரவும் கழலைக்கு ஒற்றை அறையாக வளரும் வடிவம் ஒன்று உண்டு. அதன் ஓரத்திலிருந்து எடுத்த துண்டு சாதாரண நீர்க்கட்டி போலவே தோன்றக்கூடும். அதனால் பிறகு முழுப் பையும் வெளியே வரும்போது, அதையும் முழுமையாகப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்களா என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கை வந்ததும் ஒரு வரியைக் கூர்ந்து படிக்க வேண்டும். கெரட்டின் (நகத்திலும் முடியிலும் உள்ள புரதம்) நிறைந்த கட்டிகளில் இரண்டு வகை உண்டு. பாராகெரட்டின் வகை, அதாவது ஓ.கே.சி. என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் ஒடான்டோஜெனிக் கெரட்டோசிஸ்ட், திரும்பி வருவதில் பேர் போனது. ஆர்த்தோகெரட்டின் வகை மிக அரிதாகவே திரும்பும், அதைப் பையோடு எடுத்தாலே போதும். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கடும் சிகிச்சைக்குப் போனால், தேவையில்லாமல் உதட்டு உணர்வைப் பணயம் வைத்ததாகிவிடும்.

## எதுவுமே, அல்லது பெரிதாக எதுவும், செய்யத் தேவையில்லாதவை

கீழ்த்தாடைக் கோணத்துக்குப் பக்கத்தில், நரம்புக் குழாய்க்குக் கீழே, தெளிவான விளிம்போடு ஒரு நிழல் இருந்தால் அது ஸ்டாஃப்னே குழியாக இருக்கலாம். 1942இல் விவரிக்கப்பட்டது. பெயரில் கட்டி என்று சேர்த்து எழுதினாலும் அது கட்டியே அல்ல. எலும்பின் உட்புறத்தில் இருக்கும் ஒரு பள்ளம், பெரும்பாலும் உமிழ்நீர்ச் சுரப்பியின் திசு அதற்குள் புகுந்திருக்கும். சி.டி. எடுத்தாலே தெரிந்துவிடும். அறுவை வேண்டாம்.

எளிய எலும்புக் கட்டி எனப்படுவது இதற்கு அடுத்த படி. பெரும்பாலும் பதின்ம வயதினரிடம், கீழ்த்தாடையில், தற்செயலாகக் கண்ணில் படும். நிழல் பல்வேர்களுக்கு இடையே அலை அலையாக ஏறி இறங்கும், பற்கள் உயிரோடு இருக்கும். திறந்து பார்த்தால் உள்ளே வெறுமை, அல்லது கொஞ்சம் நீர். பை என்று எதுவும் இருக்காது. திறந்து சுவரை லேசாகச் சுரண்டி இரத்தம் கசிய விட்டால் போதும், உறைந்த இரத்தத்தின் மேல் எலும்பு வளர்ந்து நிரம்பிவிடும். நடுவயதுப் பெண்களில் இது வேறோர் எலும்புக் கோளாறோடு சேர்ந்து வருவதுண்டு. அப்போது மட்டும் திரும்பி வரும் வாய்ப்பு கூடுகிறது.

இந்த இரண்டிலும் பெரிய அறுவையைப் பரிந்துரைத்தால் இரண்டாவது கருத்து கேட்பதில் தவறே இல்லை.

## எதை வைத்து ஒப்பிடுவது?

இனி முக்கியமாகப் பேசப்போவது ஓ.கே.சி.யைப் பற்றி. காரணம், தேர்வு என்பது உண்மையிலேயே கடினமாக இருப்பது இதில்தான். மருத்துவர்களே இதன் குணத்தைப் பற்றித் தீர்மானத்துக்கு வர நாளானது. 1956இல் பெயர் பெற்ற இதை, உலக சுகாதார அமைப்பு 2005இல் நீர்க்கட்டிப் பட்டியலிலிருந்து எடுத்துப் புற்றல்லாத கழலைகளின் (டியூமர்) பட்டியலில் சேர்த்தது. 2017இல் மறுபடியும் நீர்க்கட்டி என்றே வகைப்படுத்தியது. பழைய அறிக்கையில் ‘டியூமர்’ என்று பார்த்துப் பதறியவர்கள் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

அதன் குணங்கள் மூன்று. எலும்பின் உள்ளே நீளவாக்கில் பரவும், வெளியே அதிகம் புடைக்காது. அதனால் கண்டுபிடிக்கும்போதே பெரிதாகியிருக்கும். பையின் உட்படலம் ஆறு முதல் எட்டுச் செல் அளவே தடிமன். எடுக்கும்போது நனைந்த காகிதம் போலக் கிழியும். சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் கட்டிகளும் இருக்கக்கூடும். திரும்பி வருவதற்கான காரணம் இந்த இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருக்கிறது.

நோயாளியின் பக்கத்திலிருந்து ஒப்பிட வேண்டியவை: கட்டி திரும்பி வரும் வாய்ப்பு, கீழுதடும் மோவாயும் மரத்துப்போகும் ஆபத்து, அந்தப் பகுதிப் பற்களும் தாடையின் உறுதியும் மிஞ்சுமா என்பது, மொத்தம் எத்தனை மாதம், எத்தனை அறுவை. இவற்றோடு நான் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்ப்பேன், மற்ற நான்கையும்விட அதற்கே எடை அதிகம் கொடுப்பேன்: அடுத்த பத்து ஆண்டுகள் இந்த நோயாளி பரிசோதனைக்கு வந்துகொண்டிருப்பாரா? இதைக் கேட்காமல் விகிதங்களை மட்டும் ஒப்பிட்டு முறையைத் தேர்ந்தெடுப்பது பாதிக் கணக்கு.

| முறை | திரும்பி வரும் வாய்ப்பு | உதட்டு உணர்வுக்கு ஆபத்து | காலமும் அறுவையும் | வெளியே தெரியாத சுமை |
|---|---|---|---|---|
| வடியவிடுவது மட்டும் | அதிகம், மூவரில் ஒருவர் வரை | மிகக் குறைவு | மாதக்கணக்கு. சிறு அறுவை | தினமும் கழுவுதல், அடிக்கடி வருகை |
| வடியவிட்டுப் பிறகு எடுப்பது | தனியே எடுப்பதைவிடக் குறைவு | குறைவு | ஓராண்டை ஒட்டி; இரண்டு அறுவை | பொறுமை |
| பையோடு எடுப்பது மட்டும் | நான்கு அல்லது ஐந்து பேரில் ஒருவர் | நடுத்தரம் | ஒரே அறுவை | நீண்ட காலக் கண்காணிப்பு |
| எடுத்துவிட்டு எலும்புச் சுவருக்கும் சிகிச்சை | பத்தில் ஒருவர் அளவு | கூடுதல் | ஒரே அறுவை | நரம்பு, பல் இழப்பு |
| எலும்பை வெட்டி எடுப்பது | மிகக் குறைவு | பெரும்பாலும் நிச்சயம் | பெரிய அறுவை, சீரமைப்பும் சேர்த்து | பல், முக அமைப்பு, இரண்டாவது காயம் |

விகிதங்கள் ஆய்வுக்கு ஆய்வு மாறும். எத்தனை ஆண்டு பின்தொடர்ந்தார்கள் என்பதைப் பொறுத்தே கூடும், குறையும். அறுவைக்குப் பின் இரண்டே ஆண்டு பார்த்துவிட்டு ஒரு முறையில் கட்டி திரும்பவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப அவசரப்பட வேண்டாம்.

## வடியவிடுவது

பழைய முறை. பிரெஸ்லாவ் நகரின் அறுவை மருத்துவர் கார்ல் பார்ட்ஷ் 1892இலேயே விவரித்தது. கட்டியின் சுவரில் ஒரு திறப்பு வைத்து வாயோடு இணைத்துவிட்டால் உள்ளழுத்தம் போய்விடும், எலும்பு மெல்ல உள்நோக்கி வளரும். திறப்பு மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு சிறு குழாயைத் தையல் போட்டு நிறுத்துவார்கள். பல நேரங்களில் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தாலே போதும்.

நரம்பு தப்பும், முளைக்க வேண்டிய பல் தப்பும், தாடை முறியும் ஆபத்து மாதாமாதம் குறையும். கட்டியின் உட்படலம்கூடத் தடித்து, பிற்பாடு எடுக்கும்போது கிழியாமல் வரும். திறப்பு வைக்கும்போதே பயாப்ஸியும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த மாதங்கள் எப்படி இருக்கும் என்பதை யாரும் விரிவாகச் சொல்வதில்லை. தினமும் இரண்டு மூன்று முறை, கண்ணாடி முன் வாயைத் திறந்து, மழுங்கிய ஊசி பொருத்திய சிரிஞ்சில் உப்பு நீரையோ மருந்து நீரையோ நிரப்பி, கன்னத்தை ஒரு விரலால் ஒதுக்கிக்கொண்டு குழாய்க்குள் செலுத்த வேண்டும். உள்ளே போன நீர் உணவுத் துணுக்குகளோடு திரும்பி வரும். ஒருநாள் விட்டால் நாற்றம், இரண்டு நாள் விட்டால் சீழ். கடைவாய்க்குப் பின்னால் இருக்கும் திறப்பைத் தானே பார்க்க முடியாது, தடவித்தான் பழக வேண்டும். குழாய் கழன்று விழுந்துவிட்டால் உடனே ஓட வேண்டும், திறப்பு சில நாட்களில் சுருங்கிவிடும். ஆறு மாதம் என்பது குறைந்த கணக்கு, பெரிய கட்டிக்கு ஓராண்டைத் தாண்டும். வெளியூர்ப் பயணமே தொழிலாக இருப்பவர், கை நடுக்கம் உள்ள முதியவர், ஒத்துழைக்காத சிறு குழந்தை ஆகியோருக்கு இந்த முறை காகிதத்தில் மட்டுமே மென்மையானது.

வடியவிடுவதோடு நிறுத்திக்கொள்வதை நான் ஆதரிப்பதில்லை. படலம் உள்ளேயே இருக்கிறது, திரும்பி வரும் வாய்ப்பும் இருக்கிறது. கட்டி சுருங்கிய பிறகு மிச்சத்தை எடுப்பது வரை சேர்த்துத்தான் இதை ஒரே சிகிச்சையாகக் கருத வேண்டும். சுருங்கியதும் இரண்டாவது அறுவையைத் தள்ளிப்போடுவதுதான் இந்த வழியில் நேரும் பொதுவான சறுக்கல். வலி இல்லாதபோது யாருக்கும் அறுவை மேசைக்குத் திரும்பப் பிடிப்பதில்லை.

யாருக்கு நல்லது: நரம்பை ஒட்டிய பெரிய கட்டி, எலும்பு மெலிந்து முறியும் நிலை, முளைக்கும் பற்கள் உள்ள சிறுவர்கள் (கழுவிவிட ஒரு பெரியவர் கூடவே இருந்தால்).

## பையோடு எடுப்பது

ஒரே அறுவையில் முடிந்துவிடும், முழுப் பையும் பரிசோதனைக்குக் கிடைக்கும். சிறியதாகவும் ஒரே அறையாகவும் இருக்கும் கட்டிக்கு இதுவே இயல்பான தேர்வு. பல அறைகளாகப் பரவியதில் தனியாக இதை மட்டும் செய்தால் மூலை முடுக்குகளில் படலம் மிஞ்சும்.

எடுத்த பிறகு இருக்கும் குழியை எலும்புத் தூளால் நிரப்ப வேண்டுமா என்று கேட்பார்கள். பெரும்பாலான குழிகள் தாமாகவே நிரம்பும். நிரப்பினால் செலவு கூடும், தொற்று வந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும், கட்டி திரும்புகிறதா என்று படத்தில் பிரித்தறிவதும் கொஞ்சம் சிரமம். கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்றல்ல.

குழி பெரிதாக இருந்தால் சில வாரங்களுக்கு மென்மையான உணவுதான். மருத்துவர் சொல்லும் வரை கடினமானதைக் கடித்தால் தாடை முறியக்கூடும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, நடப்பதுதான்.

## எடுத்துவிட்டு எலும்புச் சுவரையும் கவனிப்பது

இதற்குள்ளேயே நான்கு வழிகள் உண்டு, மருத்துவமனையில் எது பழக்கமோ அதையே சொல்வார்கள்.

சுழலும் பர் கருவியால் குழியின் சுவரை ஓரிரு மில்லிமீட்டர் தேய்த்து எடுப்பது முதல் வழி. நரம்பு வெளியே தெரியும் இடத்தில் கை கட்டுப்படும், மற்றபடி நம்பகமானது.

கார்னாய் கரைசல் இரண்டாவது. ஆல்கஹால், குளோரோஃபார்ம், அசிட்டிக் அமிலம், ஃபெரிக் குளோரைடு கலந்த இதைக் குழிக்குள் மூன்று நிமிடம் போல வைத்து எடுப்பார்கள். மிஞ்சிய செல்களை எரித்துவிடும். நரம்பில் பட்டால் நரம்பையும் விடாது. குளோரோஃபார்ம் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற ஐயத்தால் பல இடங்களில் அதை நீக்கிவிட்டுப் பயன்படுத்துகிறார்கள். நீக்கிய கலவை அதே அளவு பலன் தருகிறதா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. ஆகவே ‘கார்னாய் போடுகிறோம்’ என்றால் எந்தக் கலவை என்று கேட்கலாம். மேல்தாடையில், சைனஸையோ கண்குழியையோ ஒட்டிய இடத்தில் இது வேண்டாம்.

திரவ நைட்ரஜனால் உறையவைப்பது மூன்றாவது. செல்கள் சாகும், எலும்பின் கட்டமைப்பு நிற்கும். ஆனால் அந்த எலும்பு சில மாதங்களுக்குப் பலவீனமாக இருக்கும், கருவியும் எல்லா இடத்திலும் கிடைக்காது.

நான்காவது, அண்மைக் காலத்தில் பரவிவருவது. 5-ஃபுளோரோயுராசில் மருந்து தடவிய காஸ் துணியைக் குழிக்குள் வைத்து ஒரு நாள் கழித்து எடுத்துவிடுகிறார்கள். கார்னாயைவிட நரம்புக்குப் பாதிப்பு குறைவாகவும், கட்டி திரும்புவது குறைவாகவும் இதுவரை வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அவை சிறியவை, பின்தொடர்ந்த காலமும் குறைவு என்பதை மறக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இது கூடாது.

யாருக்கு நல்லது: ஒருமுறை திரும்பி வந்த கட்டி, பல அறைக் கட்டி, தொடர் பரிசோதனைக்கு வர வாய்ப்பில்லாதவர். உதட்டு உணர்வு தொழிலுக்கே ஆதாரமாக இருப்பவர்கள், அதாவது பாடகர்கள், நாதஸ்வரமோ புல்லாங்குழலோ வாசிப்பவர்கள், இதற்கு ஒப்புக்கொள்ளும் முன் வடியவிடும் வழியையும் பேசிப் பார்க்க வேண்டும்.

## எலும்பை வெட்டி எடுப்பது

தாடையின் கீழ்விளிம்பை விட்டுவிட்டு எடுப்பது ஒன்று, தாடையின் தொடர்ச்சியே அறும்படி எடுப்பது மற்றொன்று. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம், ‘ரிசெக்‌ஷன்’ என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கிவிடுகிறார்கள். முன்னதில் தாடை தாடையாகவே இருக்கும். பின்னதில் உலோகத் தகடும், பெரும்பாலும் இடுப்பிலிருந்தோ காலிலிருந்தோ எடுத்த எலும்பும் வேண்டும். பற்களும் போகும். அந்த இடத்தில் மறுபடி கடித்து மெல்ல, இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வரை இன்னும் பல மாதங்கள்.

புற்றில்லாத ஒரு கட்டிக்கு முதல் சிகிச்சையாக இதைச் சொல்வது பெரும்பாலும் மிகை. பலமுறை திரும்பி வந்தது, எலும்பைத் துளைத்து வெளிச்சதைக்குள் பரவியது, தாடை மூட்டுத் தலையையே அரித்தது, அல்லது அறிக்கை மாறி அமெலோபிளாஸ்டோமா என்று வந்தது ஆகிய நிலைகளில் மட்டுமே எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

## கணக்கை மாற்றும் சில நிலைகள்

இளம் வயதில் ஒன்றுக்கு மேற்பட்ட ஓ.கே.சி. வந்தால் கோர்லின் நோய்க்கூறைச் சந்தேகிக்க வேண்டும். 1960இல் கோர்லினும் கோல்ட்ஸும் விவரித்த மரபுவழிக் கோளாறு இது, பி.டி.சி.எச்.1 மரபணு மாற்றத்தால் பெரும்பாலும் வருவது. உள்ளங்கையில் ஊசி குத்தினாற்போன்ற சிறு பள்ளங்கள், பிளவுபட்ட விலா எலும்பு, மூளையின் நடுத்திரையில் சுண்ணாம்புப் படிவு ஆகியவை அடையாளங்கள். இவர்களுக்குப் புதுக் கட்டிகள் வந்துகொண்டே இருக்கும், எலும்பை வெட்டித் தீர்க்க நினைத்தால் தாடையே மிஞ்சாது. மென்மையான வழிகளும் தோல் பரிசோதனையும்தான் பொருத்தம். கதிர்வீச்சைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும், தோல் புற்றுகளை அது தூண்டும்.

1980களின் பிற்பகுதியில் அடையாளம் காணப்பட்ட சுரப்பி வகை நீர்க்கட்டி மிகவும் அரிது. ஓ.கே.சி.யைப் போலவே திரும்பி வரும். நுண்ணோக்கியில் மெதுவாக வளரும் ஒருவகை உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றோடு குழம்பும் என்பதால், ஸ்லைடை (திசுவைப் பதித்த கண்ணாடித் தகட்டை) இன்னொரு நோய்க்குறியியல் நிபுணரும் பார்ப்பது இங்கே வீண்செலவல்ல.

இரத்தம் நிரம்பிய அனியூரிஸ்மல் எலும்புக் கட்டி வேகமாக வீங்கும். சுரண்டி எடுப்பதே வழக்கம், இரத்தப்போக்கு அதிகம் இருக்கக்கூடும் என்பதால் சில சமயம் முன்கூட்டியே இரத்தக்குழாயை அடைத்துவிட்டுச் செய்வார்கள். இதைச் சிறு கிளினிக்கில் திறக்கக் கூடாது.

## எந்த வழியில் போனாலும்

ஓ.கே.சி. திரும்பினால் பெரும்பாலும் முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் திரும்பும், பத்தாண்டு கழித்துத் தலைகாட்டியதும் உண்டு. முதல் ஐந்தாண்டு வருடம் ஒருமுறை, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே என்பது பல மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் வழக்கம். குழி நிரம்ப மாதங்கள் ஆகும் என்பதால், அறுவைக்கு ஆறு மாதம் கழித்து எடுக்கும் படத்திலும் கறுப்பு நிழல் இருக்கத்தான் செய்யும். அந்தப் படத்தின் பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும், அடுத்து எடுக்கும் படத்தில் நிழல் சுருங்கியிருக்கிறதா வளர்ந்திருக்கிறதா என்று சொல்ல அதுதான் அளவுகோல். பயாப்ஸி அறிக்கையோடு ஸ்லைடு எண்ணையும் சேர்த்து வைத்திருந்தால், கட்டி மறுபடி வரும் நாளில் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்க்க முடியும்.